காவல் நிலையம் முதல் மேல்முறையீடு வரை: குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் உரிமைகள்

நீதிமன்ற வளாகத்தில் ஒட்டியிருக்கும் வழக்குப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொலையோ கொள்ளையோ, ஒரு பக்கம் 'அரசு' என்றிருக்கும், மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் இருக்கும். வெட்டுப்பட்டவரின் பெயரோ மகனைப் பறிகொடுத்த உம்மாவின் பெயரோ அந்தத் தலைப்பில் வராது. குற்றப்பத்திரிகைக்குள் சாட்சிகள் பட்டியலைப் புரட்டினால் 'அ.சா. 1' என்று, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி என்று, ஓர் எண்ணாக அவர் இருப்பார்.

இதைப் பார்த்துத்தான் நம் குடும்பங்களில் பலர், "புகார் கொடுத்தாச்சு, இனி போலீசும் அரசு வக்கீலும் பார்த்துக்குவாங்க. கூப்பிட்டால் போய்ச் சாட்சி சொன்னால் போதும்" என்று இருந்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு அப்படி இருப்பதில்லை. அவர்கள் முதல் நாளே வக்கீல் வைக்கிறார்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறார்கள். ஓரிரு வருடம் கழித்து நம்மவருக்குச் சம்மன் வரும்போது வழக்கின் பாதி ஏற்கெனவே முடிந்திருக்கும்.

சட்டம் பாதிக்கப்பட்டவரை வெறும் சாட்சியாக வைக்கவில்லை. குற்றச் செயலால் இழப்போ காயமோ அடைந்தவர், அவருடைய காப்பாளர், அவர் இறந்திருந்தால் சட்டப்படியான வாரிசு ஆகிய எல்லோரும் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்குள் வருவார்கள். 2009 டிசம்பர் 31 முதல் இந்த விளக்கம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 1 அன்று பழைய சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும், சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., அது தொடர்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் பிரிவு எண்கள், வேறு சட்டம் என்று குறிப்பிடாத இடங்களில், இந்தப் புதிய சட்டத்தின் எண்களே.

உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரியில் 2021 அக்டோபர் 3 அன்று விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்ட சம்பவம் நினைவிருக்கும். அதில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகன். அவருக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. இணைய வழியில் நடந்த அந்த விசாரணையில், இறந்தவர்களின் குடும்பங்களுக்காக ஆஜரான வழக்கறிஞரின் இணைப்பு துண்டாகிவிட்டது. அவர் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வந்தது. 2022 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்தது. புலன்விசாரணை தொடங்கி மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் தம் தரப்பைச் சொல்லப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. பிற்பாடு அதே நபருக்கு ஜாமீன் கிடைத்தது என்பதும் உண்மை. நாம் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதுதான் உரிமை. கேட்டபின் முடிவெடுப்பது நீதிமன்றம்.

முதல் சில மணி நேரம்

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். பணியில் இருக்கும் மருத்துவர், "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். பல வழக்குகளின் தலையெழுத்து இந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. பயந்துபோய், அல்லது 'போலீஸ் கேஸ் வேண்டாமே' என்று நினைத்து, "மாடிப்படியில் விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிறோம். மறுநாள் மனம் மாறிப் புகார் கொடுத்தாலும் அந்த வரி அழியாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப் படிப்பது அதைத்தான். யார் அடித்தார்கள், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று தெரிந்ததைத் தெரிந்தபடி மருத்துவரிடம் சொல்லுங்கள். தெரியாததைச் சேர்க்க வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் 'அடையாளம் காட்டக்கூடிய இரண்டு நபர்கள்' என்பதே போதும்.

பாலியல் வன்முறைக்கோ அமில வீச்சுக்கோ ஆளானவர்களுக்கு அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் (பிரிவு 397). "முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவது தண்டனைக்குரிய குற்றம்.

அடுத்தது காவல் நிலையம். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டியது அதிகாரியின் கடமை. பாலியல் குற்றங்களில் பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கலை" என்ற பதிலுக்கு இப்போது இடமில்லை. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மின்னணு வழியிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாக, உடனே தரப்பட வேண்டும். இவை எல்லாம் பிரிவு 173இல் உள்ளன.

நம் மாநிலத்தில் நடைமுறையில் நடப்பது சற்று வேறு. புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது கொடுப்பார்கள். பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். அது மனு பெறப்பட்டதற்கான ரசீது மட்டுமே. அதன்பேரில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, 'சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதி வாங்கி மனுவை முடித்துவிடலாம். அப்படி எழுதிக் கொடுக்க யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கணவன் மனைவி தகராறு, வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் பூர்வாங்க விசாரணைக்கு இடம் வைத்தது. புதிய சட்டம் அதோடு இன்னொரு விலக்கைச் சேர்த்திருக்கிறது. மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம். அது 14 நாள்தான், மாதக்கணக்கில் அல்ல.

பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலையும் தபால் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவர் மன்றத்தில் பிரிவு 175(3)இன் கீழ் மனு போடலாம். பிரமாணப் பத்திரத்தோடு, எஸ்.பி.க்கு அனுப்பிய மனுவின் நகலையும் அதில் இணைக்க வேண்டும். தபால் ரசீதைத் தொலைத்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது.

மையத்தை அடக்கும் அவசரம்

இது சொல்லக் கஷ்டமான விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. மவ்த்து நடந்தால் சீக்கிரம் அடக்க வேண்டும் என்பது நம் வழக்கம். உடலைக் கூறு போடுவதை நினைத்தாலே மனம் பதறுகிறது. அதனால் சந்தேக மரணங்களில்கூட, "போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை" என்று குடும்பத்தாரே எழுதிக் கொடுத்து மையத்தை வாங்கி வந்துவிடுகிறார்கள். ஜனாஸா முடிந்து நாலைந்து நாள் கழித்து ஒரு செய்தி காதுக்கு வரும். மகள் அந்த வீட்டில் எப்படி இருந்தாள், அன்றிரவு என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வரும். அப்போது ஆர்.டி.ஓ.விடம் போய், கபரைத் தோண்டச் சொல்லி மனு கொடுக்க வேண்டிய நிலை வரும். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் பதினைந்து நாள் மண்ணுக்குள் இருந்த உடலில் மருத்துவருக்குக் கிடைக்கும் தடயம், முதல் நாள் கிடைத்திருக்கக்கூடியதில் கொஞ்சம்தான்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கு இடமான முறையில் இறந்தாலும் தற்கொலை செய்துகொண்டாலும், பிரேதப் பரிசோதனையோடு நிர்வாக நடுவரின் விசாரணையும் நடக்கும். நம் ஊர்களில் ஆர்.டி.ஓ. விசாரணை என்பார்கள். அதில் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லலாம். அங்கே மௌனமாக இருந்துவிட்டுப் பிறகு செஷன்ஸ் நீதிமன்றத்தில் புதிதாகச் சொன்னால், 'அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்வி வரும்.

தாமதத்தைக் குறைக்க வேண்டுமானால் கையெழுத்துப் போட்டு வாங்கி வருவதைவிட, ஜமாஅத் பொறுப்பாளர்கள் இருவர் உடன் போய்ப் பஞ்சநாமா விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் அன்றே முடியப் பேசுவது நல்லது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றில் இரவு நேரப் பிரேதப் பரிசோதனைக்குப் பொதுவாக அனுமதியில்லை. சாயங்காலம் போனால் விடியும்வரை காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

விசாரணை நடக்கும்போது

பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வரச் சொல்ல முடியாது (பிரிவு 179). அவர்களாக விரும்பினால் போகலாம். காவல் துறையினர் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது. நடுவர் முன் கொடுக்கும் வாக்குமூலம் வேறு, அதில் கையெழுத்து உண்டு.

களவு போன நகையோ வண்டியோ கைப்பற்றப்பட்டால் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படம் பிடித்துப் பதிவு செய்துகொண்டு உரியவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்தில் மனு போடலாம். இணைய மோசடியில் பணம் போனால் வேறெதற்கும் முன்னால் 1930 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வேண்டும்.

வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது புலன்விசாரணை அதிகாரியின் கடமை (பிரிவு 193). செல்பேசிச் செய்தியாகவும் தெரிவிக்கலாம். வரவில்லை என்றால் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

இந்தக் கட்டத்தில் ஒரு காகிதத்தைப் பற்றி அவசியம் தெரிந்திருக்க வேண்டும். புலன்விசாரணை முடிந்து, 'பொருண்மைப் பிழை' என்றோ 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்றோ வழக்கை முடிக்கப் போலீஸ் முடிவு செய்தால் ஒரு அறிவிப்பு கொடுப்பார்கள். ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பது அதன் பேர். ஒரு காவலர் வீட்டுக்கு வந்து, "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்க, கேஸ் சம்பந்தமாத்தான்" என்பார். வாப்பா கடைக்குப் போயிருப்பார், வீட்டிலிருக்கும் யாராவது போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வழக்கு கோர்ட்டில் நடக்கிறது என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். அது மூடப்படப் போகிறது என்று அந்தத் தாள் சொல்லியிருக்கும்.

போலீஸ் மூடச் சொன்னாலும் நடுவர் அப்படியே மூடிவிட முடியாது. புகார்தாரருக்கு அறிவிப்பு கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் பகவந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்ததும் அதில் தேதியோடு கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு, உடனே வழக்கறிஞரிடம் போங்கள். நடுவர் மன்றத்தில் ஆட்சேபனை மனு தாக்கல் செய்யலாம். எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்தக் கண்காணிப்புக் கேமராப் பதிவை எடுக்கவில்லை, மருத்துவச் சான்றிதழில் உள்ள எந்தக் காயத்துக்கு விளக்கம் இல்லை என்று குறிப்பாகச் சொல்லும் மனுவுக்குத்தான் பலன் உண்டு. 'போலீஸ் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டது' என்று பொதுவாக எழுதினால் போதாது. நடுவர் மேல் விசாரணைக்கு உத்தரவிடலாம், அல்லது கையில் உள்ள ஆவணங்களின்படியே வழக்கை எடுத்துக்கொள்ளலாம்.

சமரசம், ஜமாஅத், பிள்ளைகளின் வழக்கு

சண்டையைப் பேசித் தீர்த்து வைப்பது நம் ஜமாஅத்துகள் காலங்காலமாகச் செய்யும் நல்ல காரியம். வாய்த்தகராறு, வேலித்தகராறு, சின்ன அடிதடி போன்றவற்றைச் சட்டமும் சமரசத்துக்கு விட்டிருக்கிறது. சாதாரணக் காயம் போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம், வேறு சிலவற்றுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் (பிரிவு 359). பாதிக்கப்பட்டவர் என்றால் அடி வாங்கியவர். அவருடைய பெரியப்பாவோ, மாமாவோ, ஜமாஅத் தலைவரோ அல்ல.

கொலை, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. பணம் கைமாறி, 'வாபஸ் வாங்கிவிட்டோம்' என்று பத்து பேர் கையெழுத்திட்டாலும் வழக்கு வாபஸ் ஆகாது. நடப்பது என்னவென்றால், பாதிக்கப்பட்டவர் கூண்டில் ஏறி முன்பு சொன்னதை மறுப்பார், பிறழ் சாட்சி ஆவார். குற்றம் செய்தவர் வெளியே வருவார். பொய்ச் சாட்சி சொன்ன பழி பாதிக்கப்பட்டவர் தலையில் விழும். சமரசத்துக்கு இழுக்க எதிர்த்தரப்பு நம் மீதும் ஒரு எதிர்ப்புகார் கொடுப்பது வழக்கமான உத்தி. அதைக் கண்டு மிரண்டு போக வேண்டாம். இரண்டையும் சேர்த்து விசாரித்து உண்மை எது என்று பார்க்க வேண்டியது போலீசின் வேலை.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. பள்ளிக்கூடத் தாளாளர், விடுதிக் காப்பாளர், மதரஸா முத்தவல்லி எல்லோரும் இதில் அடக்கம். 'அந்த உஸ்தாதை ஊரை விட்டு அனுப்பிட்டோம், பிள்ளையோட பேர் கெட்டுடும், இதோட விட்டுடுங்க' என்று பேசி முடித்தால் அப்படிப் பேசியவர்கள் மீதே வழக்கு வரலாம். அனுப்பப்பட்டவர் அடுத்த ஊரில் வேறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கப் போவார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மீதான இத்தகைய வழக்கை, சிறுமியின் தகப்பனோடு சமரசமாகிவிட்டது என்பதற்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளி, வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது.

பிள்ளையின் பேர் கெடும் என்ற கவலைக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. வாக்குமூலம் வாங்கப் பெண் உதவி ஆய்வாளர் சீருடை இல்லாமல் பிள்ளையின் வீட்டுக்கோ பிள்ளை விரும்பும் இடத்துக்கோ வர வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடனிருப்பார். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. விசாரணை மூடிய நீதிமன்றத்தில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பிள்ளை பார்க்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். பெயர், படம், முகவரி, படிக்கும் பள்ளி எதையும் வெளியிடுவது குற்றம். மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கு இது அப்படியே பொருந்தும். 'நீதி வேண்டும்' என்று இரக்கத்தோடு பகிர்ந்த படமும் குற்றம்தான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் அடையாளத்தை வெளியிட்டாலும் இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

மிரட்டல் வந்தால்

பொய்ச் சாட்சி சொல்லும்படி ஒருவரை மிரட்டுவது ஏழு வருடம் வரை தண்டனை உள்ள தனிக்குற்றம். தேதி, நேரம், வந்த அழைப்பின் எண், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்து வைத்துத் தனிப் புகாராகக் கொடுங்கள். இதற்கு மேல், 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்ன சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையிலான குழு அதைக் கவனிக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால் போலீஸ் உயர் அதிகாரி மிரட்டலின் தன்மையை ஆராய்ந்து ஐந்து வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். வீட்டருகே ரோந்து, நீதிமன்றத்துக்குப் போய்வரப் பாதுகாப்பு, எதிரியை நேரில் சந்திக்காமல் சாட்சி சொல்லும் வசதி, தேவைப்பட்டால் தற்காலிகமாக இடம் மாற்றுவது வரை குழு உத்தரவிடலாம். இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

நீதிமன்றத்தில் நம் வக்கீல்

அரசு வழக்கறிஞருக்கு ஒரே நாளில் பல வழக்குகள். நம் வழக்கின் ஒவ்வொரு விவரமும் அவர் மனதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அரசுத் தரப்புக்கு உதவியாக நம் விருப்பப்படி ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் (பிரிவு 18இன் கீழ்). அவர் எழுந்து சாட்சிகளைத் தாமாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விட்டுப்போன கேள்வியை அரசு வழக்கறிஞர் வழியாகக் கேட்க வைக்கலாம். சாட்சி விசாரணை முடிந்தபின் எழுத்துப்பூர்வமான வாதத்தைத் தாக்கல் செய்யலாம்.

அவர் இருப்பதால் உடனடியாகக் கிடைக்கும் இன்னொரு பலன், எதிரி ஆஜரான 14 நாளுக்குள் குற்றப்பத்திரிகை, எஃப்.ஐ.ஆர்., வாக்குமூலங்களின் நகல் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் (பிரிவு 230). ஆனால் வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்குத்தான் என்று சட்டம் நிபந்தனை போட்டிருக்கிறது. இதை நியாயமென்று சொல்ல முடியவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்குத்தான் அந்த நகல் அதிகம் தேவை.

ஜாமீன் மனுவில் நம் எதிர்ப்பைச் சொல்ல, நம் வழக்கறிஞர் வழியாக இடையீட்டு மனு போட வேண்டும். எல்லா வழக்கிலும் நம்மைத் தேடி வந்து கேட்பார்கள் என்று இருக்க வேண்டாம். பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுமி மீதான வன்கொடுமை போன்ற சில வழக்குகளில் மட்டும் உயர் நீதிமன்றத்திலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலும் ஜாமீன் விசாரணையின்போது புகார்தாரரோ அவரால் அனுப்பப்பட்டவரோ இருக்க வேண்டியது கட்டாயம். அரசே வழக்கைத் திரும்பப் பெற விரும்பினாலும், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்று புதிய சட்டம் சேர்த்திருக்கிறது (பிரிவு 360).

'வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை' என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணுக்கு அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், கலவர வன்முறையில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. இலவச சட்ட உதவி ஜெயிலில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது சரியல்ல.

இழப்பீடு

தண்டனை கிடைத்தால்தான் பணம் என்பதும் தவறான எண்ணம். எதிரி விடுதலை ஆனாலும் பாதிக்கப்பட்டவரின் மறுவாழ்வுக்காக இழப்பீட்டை நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நடக்காமல் போனாலும் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ நேரடியாகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம் (பிரிவு 396). இரண்டு மாதத்துக்குள் அங்கே விசாரணை முடிய வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு இடைக்கால உதவியும் கேட்கலாம். பெண்களுக்கென்று தேசிய ஆணைக்குழு 2018இல் வகுத்த திட்டத்தில் உயிரிழப்புக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை, பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை என்று வரையறுத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சான்றிதழ், இறப்பு என்றால் வாரிசுச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல் இவற்றோடு போகலாம். விண்ணப்பிக்கக் கால வரம்பு இருப்பதால் தள்ளிப் போடக் கூடாது.

தீர்ப்புக்குப் பின்

எதிரியை விடுதலை செய்தாலும், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலும், இழப்பீடு போதாமல் இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் தாமே மேல்முறையீடு செய்யலாம் (பிரிவு 413). அரசு போடுமா என்று காத்திருக்கத் தேவையில்லை. 2018இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் இந்த மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதியும் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காசோலை திரும்பிய வழக்கில் தோற்ற புகார்தாரரும் இந்த வழியில் போகலாம் என்று 2025இல் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் அதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். 'தண்டனை போதாது, கூட்டிக் கொடுங்கள்' என்று மட்டும் இந்தப் பிரிவில் கேட்க முடியாது. அதை அரசுதான் கேட்க வேண்டும்.

தீர்ப்பு சொல்லும் நாளில் நீதிமன்றத்தில் இருங்கள். தீர்ப்பு நகலுக்கு அன்றே மனு போடுங்கள். ஏ.ஆர். நகல், சி.எஸ்.ஆர். ரசீது, எஃப்.ஐ.ஆர்., தபால் ரசீதுகள், ஆர்.சி.எஸ். நோட்டீஸ், சம்மன் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருந்தால் எந்த வழக்கறிஞரிடம் போனாலும் பாதி வேலை முடிந்துவிடும். மனு எழுதவோ வந்த நோட்டீஸைப் படித்துப் புரிந்துகொள்ளவோ உதவி வேண்டுவோர் அந்தக் கோப்போடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு அஸர் தொழுகைக்குப் பின் வரலாம். பெண்கள் தங்களுக்கு நெருக்கமான ஒருவரை உடன் அழைத்து வரலாம்.